மைதானத்து வாசலில் ஓர் ஈரப் பாவு

வேணுகோபாலை அவர் மனைவி மங்கையர்க்கரசி ஒரு வாரமாகத் திட்டவே இல்லை. அதுவே அவருக்குச் சரியாகப் படவில்லை.

வேணுகோபால் காஞ்சிபுரத்தில் பட்டு நெய்கிறவர். வீட்டில் அவர் பேச்சைக் கேட்பது தறி மட்டும்தான். அதுவும் பாதி நாள் முரண்டு பிடிக்கும். ஆனால் சாயங்காலம் பெண்கள் பள்ளிக்கூடத்துப் பச்சை மைதானத்தில் இறங்கிவிட்டால் அவர் பூப்பந்துக் குழுவின் கேப்டன்! ‘பின்னால போ’ என்றால் போவார்கள். ‘முன்னால வா’ என்றால் வருவார்கள். பூமியில் அவர் சொல் செல்லுபடியாகிற இடம் அது ஒன்றுதான். அங்கே பிளஸ் டூ வகுப்புகளுக்குப் புதுக் கட்டடமாம். விடுவாரா? ‘பச்சையைக் காப்போம்’ என்று போராட்டக் குழு ஆரம்பித்து, அதற்கும் தாமே கேப்டனானார்.

ஆனால் போட்ட திட்டமெல்லாம் ஒழுகியது. கலெக்டர் ஆபீசுக்கு மனுவோடு போனால், தலைமையாசிரியை முதல் ஆளாக அங்கே உட்கார்ந்திருக்கிறார். மைதானத்து வாசலில் உண்ணாவிரதம் என்றால், விடிவதற்குள் பிள்ளைகள் அந்த இடம் முழுக்கக் கோலம் போட்டுவிட்டார்கள். கோலத்தின் மேல் எவன் உட்காருவான்?

எவனோ உளவு சொல்கிறான். பால்காரரைச் சந்தேகப்பட்டார். மைதானத்தில் மேயும் ஆட்டைக்கூடச் சந்தேகப்பட்டார்.

“குப்புசாமி அண்ணன் புதுச்சட்டை போட்டுக்கினு திரியறாரே, பாத்தீங்களா?” என்றாள் மங்கையர்க்கரசி, சூடாகப் பஜ்ஜியை வைத்துக்கொண்டே.

குப்புசாமி அவருடைய குழுவில் முன்வரிசை ஆட்டக்காரர். “அட, ஆமா! எவன் எடுத்துக் குடுத்தான்?”

“எனக்கு என்னா தெரியும்? இனிமே யார்கிட்டயும் வாயத் தொறக்காதீங்க. ரொம்ப முட்டிக்கினு வந்தா என்கிட்ட சொல்லுங்க.”

பஜ்ஜி தீர்வதற்குள் சொல்லிவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை பூமி பூஜை. மண் தோண்டும் பொக்லைன் நுழைகிற அளவுக்கு மைதானத்துக்கு ஒரே வாசல்தான். அதை அடைத்தாற்போல் பாவு விரித்துவிட வேண்டியது! தறியில் ஏற்றப்போகிற பட்டு நூலை நீளமாக இழுத்துப் பிடித்துக் கஞ்சி தெளித்துக் காயவைப்பது நெசவாளர் தெருவில் அன்றாட வேலை. பாவு விரித்திருந்தால் மந்திரி காரே பின்வாங்கி வேறு தெருவில் போகும். ஈரப் பாவை மிதித்தவனுக்கு ஏழு தெருவில் எவனும் பெண் கொடுக்கமாட்டான்.

“நம்ம பாவா?” என்றாள்.

“நம்ம பாவுதான்.”

“சரிங்க.”

சரிங்கவா? தாலி கட்டிய நாளிலிருந்து அவர் காதில் விழாத வார்த்தை.

“என்னாமே, உடனே ஒத்துக்கினே?”

“வேணான்னா வுடுங்க.”

“வேணும், வேணும்!”

வெள்ளிக்கிழமை வெளுப்பதற்கு முன்பே, மதிலை ஒட்டி உள்பக்கமாக, வாசலுக்குக் குறுக்கே பாவை இழுத்தார்கள். ஒரு முனையை வேப்பமரத்தில் கட்டியாயிற்று. மறு முனையைக் கம்பத்தில் கட்டப் போனாள்.

“நில்லு! கம்பத்துல கட்டினா எவனாவது அவுத்துடுவான். அந்தக் குப்புசாமியே போதும். நானே புடிச்சிக்கறேன்.”

“காயற வரைக்கும் கைய எடுக்கக் கூடாதுங்க. கொஞ்சம் தளர்ந்தாலும் இழையெல்லாம் ஒட்டிக்கும். மூணு பொடவை போச்சு.”

“எனக்கே பாவு புடிக்கக் கத்துக்குடுக்கறியா?”

அவள் தாராளமாகக் கஞ்சி தெளித்தாள். வழக்கத்தைவிடத் தாராளமாக. பிறகு பால் வாங்கி வருவதாகச் சொல்லிப் போனாள்.

வெயில் தலைகாட்டியது. போராட்டக் குழு கொடியோடு தெருவில் வந்து நின்றது. பொக்லைனைத்தான் காணோம். அப்போது வேணுகோபாலின் முதுகுக்குப் பின்னால் எதுவோ உறுமியது.

கழுத்தை மட்டும் திருப்பினார். பள்ளிக்கூடக் கட்டடத்தின் மறைவிலிருந்து, கழுத்தில் மாலையும் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழமுமாகப் பொக்லைன் வந்துகொண்டிருந்தது. கூடவே ஐயர், தலைமையாசிரியை, தெருப் பெண்கள். எல்லாருக்கும் முன்னால், பூஜைத் தட்டோடு மங்கையர்க்கரசி.

“இது எப்டி உள்ள வந்துச்சு?”

“நேத்து டீக்கடையில கூட்டம் போட்டீங்க இல்ல, அப்பவே ஓட்டியாந்து பின்னால நிறுத்திட்டோம்.”

“நிறுத்திட்டோமா! அப்ப இத்தினி நாளா உளவு சொன்னது...”

“நம்ம பொண்ணு கீர்த்தி பத்தாவது முடிக்கப் போறா. அவ ரெண்டு பஸ் மாறிப் போய்ப் படிக்கணும், நீங்க இங்க பந்து தட்டணுமா? உங்க ஆளுங்க உள்ள பூந்து கலாட்டா பண்ணுவாங்களேன்னுதான் பயந்துக்கினு இருந்தேன். பள்ளிக்கூடத்துச் சின்னக் கதவ நாங்க பூட்டிட்டோம். கதவில்லாத இந்த வழிய, நல்லவேளை, நீங்களே அடைச்சிட்டீங்க.”

“டேய்! எல்லாரும் உள்ள வாங்கடா!” என்று அலறினார் கேப்டன்.

யாரும் அசையவில்லை.

“பாவு, கேப்டன்!”

“குனிஞ்சு வாங்கடா!”

குப்புசாமி பாவின் உயரத்தைப் பார்த்தார். தம் தொந்தியைப் பார்த்தார். “ஈரமா இருக்குது கேப்டன். மேல பட்டா மூணு பொடவை போயிடும். அந்தப் பாவம் எனக்கு எதுக்கு?”

கையை விட்டுவிடலாமா? விரல்கள் யோசித்தன. அவள் பார்வை விரல்கள்மேல் இருந்தது. பிடி இன்னும் இறுகியது.

தலைமையாசிரியை வந்து அவர் நெற்றியில் சந்தனம் இட்டார். “கூட்டம் உள்ள வராம காவல் காத்தீங்களே சார், எங்களால மறக்கவே முடியாது.”

பொக்லைன், பூப்பந்துக் கோர்ட்டின் நடுவில் முதல் பிடி மண்ணை அள்ளியது. வேணுகோபாலுக்கு ரத்தம் கொதித்தது. கை இல்லாவிட்டால் என்ன, குரல் இருக்கிறதே! மதில் அதிரக் கோஷம் போடுவதற்காக வாயை அகலமாகத் திறந்தார்.

மங்கையர்க்கரசி அதில் ஒரு கரண்டி சர்க்கரைப் பொங்கலைத் தள்ளினாள்.