கபுறுக் கையும் என் ஓட்டமும்

பயங்கரக் கதை சொல்லுகிறவனுக்குப் பயமே கிடையாது என்று நினைப்பவர்கள், என் பெண்சாதியிடம் ஒருமுறை கேட்டுப் பார்க்க வேண்டும்.

நான் கல்முனைப் பக்கம் சைக்கிளில் மீன் விற்றவன். பள்ளிக்கூடப் படிப்பு இல்லை; கதை சொல்ல மட்டும் வரும். இறந்தவர்களை அடக்கும் மையவாடியில் ஒரு கபுறு பிளந்து கை வெளியே வரும் கதையைத் தொடங்கினால் தேத்தண்ணிக் கடையே அடங்கிப்போகும். அதில் ஒரு தந்திரம் உண்டு. கதை உச்சத்துக்கு வரும்போது, மீன் பெட்டி ஐஸுக்குள் வைத்திருந்த என் கையை எடுத்து, முன்னால் இருப்பவரின் பிடரியில் வைத்துவிடுவேன். அவர் கத்துவார். கடையே கத்தும். பிறகு எல்லோரும் சிரிப்பார்கள். (அந்தச் சிரிப்பு வரும் என்று தெரிந்துதான் கத்தினார்கள். இது எனக்குப் பிந்தித்தான் விளங்கியது.)

சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த அன்று, கால் ஏலாத என் பெண்சாதியைத் தோளில் போட்டுக்கொண்டு பெரிய ரோட்டுவரை ஓடினேன். பிறகு போய்த் தங்கிய அகதி முகாமில் அதைக் கேட்காத ஆள் இல்லை. மூன்றாம் நாளிலிருந்து, சொல்லச் சொல்ல, நான் தூக்கிய தூரம் கூடிக்கொண்டே போனது. அவளும் மறுக்கவில்லை. "ஓம், மனுசன் என்ன உட்டுட்டுப் போகல்ல" என்பாள்.

சில கிழமை போனபின் ஒருநாள், பின்னேரம் அஸர் தொழுகை முடிந்த நேரம், அவளுடைய தம்பி வந்தான்.

"மச்சான், அந்தக் கபுறுக் கதையச் செல்லுங்களன். சனம் வாயத் தொறக்காமக் குந்தி இரிக்கி."

"இந்த நேரத்திலயா?"

"சிரிச்சு எத்தின நாள், மச்சான்!"

சொன்னேன். ஐஸுக்கு எங்கே போவது? தண்ணீர் வாளிக்குள் கையை விட்டுக்கொண்டேன். கபுறு பிளந்தது. கை வந்தது. நேரே மச்சானின் பிடரி.

அவன் கத்தினான். சனம் கத்தியது. ஆனால் அந்த நாட்களில் எங்கள் கரையில் கத்தலுக்கு ஒரே அர்த்தம்தான். பின்னால் இருந்த கூடாரத்தில் யாரோ "கடல் வருது!" என்றார்கள். கயிறுகள் அறுந்தன, கஞ்சிக் கிடாரம் கவிழ்ந்தது, முகாமே ஓடியது.

நானும் ஓடினேன். கத்த வைத்தவனே நான்தான் என்பது ஞாபகத்தில் இல்லை. சம்மாந்துறைப் பாதையில் வயல் வரம்பொன்றில் ஏறி நின்றபோது, எனக்கு முன்னால் யாரும் இல்லை. தோளிலும் யாரும் இல்லை.

திரும்பி வந்தேன். அவள் அதே பாயில் இருந்தாள்.

"என்ன, கடல் ஒங்களுக்குப் பொறகால வருதா?"

முகாம் விழுந்து விழுந்து சிரித்தது. மச்சான் கேட்ட சிரிப்பு அப்படித்தான் வந்தது. எல்லோரும் போன பிறகு அவள் மெல்லக் கேட்டாள்: "கடல் வந்த அண்டைக்கு நான் தோள்ல இரிக்கிறது தெரிஞ்சா ஓடினீங்க?"

கவிழ்ந்து கிடந்த கிடாரத்தை நிமிர்த்த நான் எழும்பிப் போனேன்.

வருசங்கள் போயின. யுத்தம் முடிந்தது என்று சந்தியில் வெடி கொளுத்தினார்கள். வெடி என்று தெரியுமுன்னே என் கால் வாசலைத் தாண்டிவிட்டது. ஆனால் அதற்கு மேல் ஓடவில்லை. பார்த்தால், என் கை அவளுடைய மணிக்கட்டைப் பிடித்திருந்தது. வியர்வையில் நனைந்த கை.

"கையெல்லாம் ஈரம். கதையா?" என்றாள்.

"கதையில்ல."

"அப்ப உடாதீங்க."

இன்றும் வீட்டில் கதவு படாரென்று சாத்தினால், அதன் பிறகு பிறந்த என் மகள் உள்ளே இருந்து கேட்பாள்: "வாப்பா, உம்மாவ எடுத்திட்டீங்களா?"