காலமானவரின் வலைப்பூ

என் வலைப்பூவை ஊரே படிக்க வேண்டும் என்று முடிவெடுத்தேன். அதுவரை ஒரே வாசகர். அதுவும் நான்தான்.

கண்ணாடிக் கடையில் என்னோடு வேலை செய்பவர் வழி சொன்னார். "வலைப்பூவுக்குப் பின்னாடி ஒரு விவரக்குறிப்பு உண்டு சார். மெஷின் மட்டும் படிக்கும். எழுதறவர் யாரு, குடும்பம் எப்படின்னு கட்டம் கட்டமா நிரப்பணும். தேடற மெஷினெல்லாம் அதை அப்படியே நம்பும்."

நிரப்பினேன். 'மனைவி' என்ற கட்டத்தில் கை கொஞ்சம் நின்றது. சோகம் இருந்தால் கூட்டம் வரும். 'காலமானார்' என்று போட்டேன்.

வந்தது கூட்டம். அனுதாபம் குவிந்தது. காலமானவள் பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நூலகத்தில் பட்டியல் போடுகிறவள். எழுத்தாளர் பெயருக்கு நேரே பிறந்த வருஷம், ஒரு கோடு, இறந்த வருஷம் என்று குறிப்பதுதான் உத்தியோகம்.

"என்னத்தைப் பத்தி எழுதறீங்க?"

"வாழ்க்கையைப் பத்தி."

"யாரோட?" என்றாள், நிமிராமல்.

மறுநாள் மாலை லிஃப்டில் ஏறினேன். எதிர்வீட்டுக்காரர் வெளியிலேயே நின்றுவிட்டார். முகம் வெளுத்திருந்தது.

"நீங்க... மேலயா போறீங்க?"

"ஆமா. வாங்களேன், சேர்ந்தே போகலாம்."

அவர் வாசல்படியில் இறங்கித் தெருவுக்கு ஓடினார்.

வீட்டில் விளக்கு எரியவில்லை. கம்ப்யூட்டரில் வலைப்பூவைத் திறந்தேன். பாஸ்வேர்ட் செல்லவில்லை. திரையில் என் பெயர். பிறந்த வருஷம், ஒரு கோடு, இந்த வருஷம். கீழே என் நாற்காலியின் படம், காலியாக. அதில் உட்கார்ந்துதான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

'நான் உயிரோடு இருக்கிறேன்' என்று கருத்துப் பெட்டியில் எழுதினேன். மறைந்தவர் பெயரில் எழுத அனுமதியில்லை என்று அழித்துவிட்டது மெஷின்.

இருட்டுக்குள் அவள் குரல், யாரிடமோ போனில். "இன்னும் வீட்லயே இருக்கற மாதிரிதாங்க இருக்கு."

விளக்கைப் போட்டேன். போனை வைத்தாள்.

"என்னைச் சாகடிச்சிட்டியா?"

"நான் போனப்புறம் நீங்க தனியா என்ன செய்வீங்க? துணைக்குக் கூப்பிட்டுக்கிட்டேன். பாஸ்வேர்டா என் பேரைத்தானே வச்சிருந்தீங்க."

"உடனே மாத்து."

"மாத்தறேன். ஆனா போன்ல பேசினது பதிப்பகத்துக்காரர். உங்க எழுத்தைப் புத்தகமா போடறாராம். ஆள் இல்லைன்னாதான் விக்குமாம்."

தலைமுடியைக் கோதிக்கொண்டேன்.

"அட்டையில என் படம் வருமா?"

"பெரிசா வரும்."

இப்போதெல்லாம் காலிங் பெல் அடித்தால் நான் கட்டிலுக்கடியில்.