மாப்பிள்ளை இல்லாத நிலாப் படங்கள்

ஹூஸ்டன்,
புதன்கிழமை

அன்பும் மரியாதையும் மிகுந்த என் அக்கா அல்பீனாவுக்கு,

உன் தம்பி வென்சல் வணக்கத்தோடு எழுதுவது. இங்கே என் முழங்காலைத் தவிர எல்லோரும் சுகம். அங்கே நீயும் அத்தானும் உன் கோழிகளும் சுகம்தானா என்று ஒரு வரி எழுதிப் போடு. 'மாப்பிள்ளை நிலாவில் நிற்கிற படம் ஒன்று உடனே அனுப்பு, ஊரே கேட்கிறது' என்று நீ எழுதிய மூன்று கடிதங்களும் வந்து சேர்ந்தன. பதில் போடவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. படம் இருந்தால்தானே அனுப்புவேன்!

இல்லை அக்கா, ஒன்றுகூட இல்லை. ராய்ஸ் மாப்பிள்ளை நிலாவிலிருந்து நானூற்றுச் சொச்சம் படம் கொண்டுவந்திருக்கிறார். கல் இருக்கிறது, பள்ளம் இருக்கிறது, கொடி இருக்கிறது, கூட நடந்தவர் முன்பக்கம் பின்பக்கம் எல்லாம் இருக்கிறது. நம்ம ஆள் மட்டும் எதிலும் இல்லை, ஏனென்றால் கேமரா அவர் நெஞ்சில் மாட்டியிருந்தது. கூட நடந்தவருடைய கேமராவில் தூசி புகுந்து இறுகிவிட்டதாம். "உங்களை ஒண்ணு எடுக்கச் சொல்லக் கூடாதா மாப்பிள்ளே?" என்று கேட்டேன். "வேலைப் பட்டியல்ல அது இல்லையே மாமா" என்கிறார். இரண்டரை லட்சம் மைல் போய்வந்த மனுஷன் சொல்கிற பதிலா இது?

போவதற்கு முன்னால் ஆறு மாதம் இந்த வீடு பட்ட பாடு உனக்குத் தெரியாது. அந்தத் தலைக்கவசத்தைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்க்க முடியாதாம், அதனால் உடம்பையே திருப்பிக் குறிபார்த்துப் படம் எடுக்க வேண்டுமாம். பழகிக்கொள் என்று அலுவலகத்தில் கேமராவை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார்கள். சாப்பாட்டு மேஜையில் உப்பைக் கேட்டால் இடுப்போடு சேர்த்து மொத்தமாகத் திரும்பி நம்மைப் பார்ப்பார், எனக்குப் புரையேறிவிடும். ஒரு கல்லை எடுக்கும் முன் ஒரு படம், பக்கத்தில் அளவுகோல் நட்டு ஒரு படம், எடுத்த பிறகு வெறும் இடத்தை ஒரு படம், இது அவர்கள் சட்டம். நீ அனுப்பினாயே கொலாச்சி பன், அதற்கும் இதே மரியாதைதான் நடந்தது, அளவுகோலும் நட்டார். பேத்தி மார்லாவுக்கு ஆறாவது பிறந்தநாள் வந்தது, படத்தில் கேக்கு துல்லியமாக விழுந்திருக்கிறது, வெட்டிய இடமும் துல்லியமாக விழுந்திருக்கிறது, குழந்தை மட்டும் கழுத்துக்குக் கீழேதான். "பொண்ணோட தலை எங்கேங்க?" என்று ஜார்ஜீன் கேட்டாள். "வெளிச்சம் எவ்வளவு நல்லா வந்திருக்கு பாரு" என்றார் மாப்பிள்ளை. நான் விழுந்து விழுந்து சிரித்தேன், என் மகள் சிரிக்கவில்லை.

அவர் கிளம்புவதற்கு முந்தின நாள் பார்த்தேன், அவள் சமையலறைத் தரையில் உட்கார்ந்து படப்பெட்டியைக் கவிழ்த்து எதையோ தேடுகிறாள். "கல்யாணமாகி ஒம்பது வருஷம் ஆச்சுப்பா. எல்லாப் படத்தையும் அவரே எடுத்திருக்கார். மார்லாவைத் தூக்கிவச்சுக்கிட்டு அவர் இருக்கிற படம் ஒண்ணுகூட இல்ல. பத்திரிகையில வந்ததெல்லாம் தலைக்கவசம் போட்ட படம். அவர் திரும்பி வரலேன்னா இந்தக் குழந்தைக்கு நான் எதைக் காட்டுவேன்?" என்றாள். முழங்கால் வலியோடு நானும் தரையில் உட்கார்ந்தேன் அக்கா. "வருவாரும்மா, வர்ற அன்னைக்கு நானே எடுக்கிறேன், மூணு பேரையும் சேர்த்து" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

வந்தும்விட்டார். கடலில் இறங்கி, நிலாக் கிருமி ஒட்டியிருக்குமோ என்று பத்தொன்பது நாள் அடைத்துவைத்து, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நாங்கள், நடுவில் ஒரு தொலைபேசி. போன வெள்ளிக்கிழமைதான் விட்டார்கள். பத்திரிகைக்காரர்கள் கண்ணில் படாமல் அலுவலக ஆள் ஒருத்தர் பின்வாசல் வழியாகக் கொண்டுவந்து விட்டார். ஜார்ஜீன் இத்தனை நாளாக ஊருக்கெல்லாம் தைரியமாகச் சிரித்துக் காட்டி, அந்தச் சிரிப்பு முகத்திலேயே தங்கிவிட்டது போலிருக்கிறது. மேயருக்குக் கொடுக்கிற மாதிரி கையை நீட்டி, "பயணமெல்லாம் சௌகரியமா?" என்று கேட்டாள்! ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. போகட்டும், நான் என் வேலையைப் பார்த்தேன். தலை, கால், மூன்று பேரும் முழுசாக எட்டுப் படம் எடுத்தேன்.

படம் கழுவும் கடையில் நாளை கேமராவைக் கொடுக்கிறேன். நல்லதாக ஒன்றைப் பொறுக்கி இதோடு வைத்து அனுப்புகிறேன், சட்டம் போட்டு மாட்டு. நிலாவுக்குப் போனவனுக்குப் படம் எடுக்க வராது, நம்ம வென்சலுக்கு வரும் என்று ஊரில் நாலு பேரிடம் சொல். அத்தானுக்கு என் அன்பு. மாதா உங்கள் வீட்டையும் கோழிக்கூட்டையும் காத்து நிற்கட்டும்.

என்றும் உன் பாசமுள்ள தம்பி,
வென்சல்

பின்குறிப்பு: வியாழக்கிழமை. உறையில் படத்தைத் தேடாதே. கடைக்காரர் கேமராவைத் திறந்து என் முகத்தைப் பார்த்தார். ஃபிலிமே போடவில்லை அக்கா. சாயங்காலம் சாப்பிடும்போது சொல்லிவிட்டேன். ஜார்ஜீன் தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். மாப்பிள்ளை எழுந்தார், என் கேமராவில் ஃபிலிம் போட்டு என் கையில் கொடுத்தார், காலிப் பயணப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு காரில் ஏறித் தெருமுனை வரை போனார். திரும்பி வந்து, பனியனோடு, வாசல் மணியை அடித்தார். "நான் வந்துட்டேன் ஜார்ஜீன்" என்றார். என் மகள் ஈரக்கையோடு ஓடினாள் அக்கா. அவர் நெஞ்சில் குத்திக் குத்தி அழுதாள், "எவ்வளவு பயந்தேன் தெரியுமா, எவ்வளவு பயந்தேன் தெரியுமா" என்று. மார்லா அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு இறங்கவே மாட்டேன் என்றுவிட்டாள். எல்லாம் அடங்கின பிறகு ஜார்ஜீன் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "எடுத்தியாப்பா?" என்றாள். "எடுத்துட்டேம்மா" என்றேன். எங்கே எடுத்தேன்? கேமராவைக் கையில் பிடித்துக்கொண்டு நானும் அழுதுகொண்டு நின்றேன். மாப்பிள்ளை பார்த்துவிட்டார். பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார், "பரவாயில்ல மாமா. நாளைக்கும் ஒரு தடவை வர்றேன்."