மூன்று டிக்கெட் எடுத்த கருத்தண்ணன்

திருப்பூரில் படம் பார்க்காதவர் இல்லை; பார்த்த படத்தைத் திட்டாதவரும் இல்லை. ஆனால் ஒரே படத்தை ஒரே மூச்சில் புகழ்ந்தும் திட்டியும் பேசிய மனிதர், எனக்குத் தெரிந்து ஒருவர்தான். வீரபாண்டியில் நான் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியின் செக்கிங் பிரிவில் இருக்கிறார். அவர் பெயர் சம்பளப் பட்டியலுக்கு மட்டும் தெரியும். எங்களுக்கு அவர் கருத்தண்ணன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானக் காட்சி பார்ப்பார். திங்கட்கிழமை டீ நேரத்தில் கருத்துச் சொல்வார். படம் அருமை, கடைசியில் அழுதுவிட்டேன் என்று கனத்த குரலில் ஆரம்பிப்பார். முடித்தும் முடிக்காமலும் அவரிடமிருந்தே கீச்சென்று ஒரு பெண்குரல் கிளம்பும். காட்டில் மூன்று நாள் ஓடியும் கதாநாயகிக்குப் பின்னல் கலையவில்லையே, எந்த ஊர் எண்ணெய் என்று கேட்கும். நாங்கள் புரையேறச் சிரிப்போம். அவர் மட்டும் சிரிக்காமல் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பார். நல்ல மிமிக்ரிக்காரர் அப்படித்தான் இருப்பார் என்று நினைத்திருந்தேன்.

தையல் பிரிவின் பழைய ஆட்கள் மட்டும் அந்தக் குரல் கேட்டதும் டம்ளரை வைத்துவிட்டு எழுந்து போவார்கள். அவர்களில் ஓர் அக்காவிடம் காரணம் கேட்டேன். அது கருத்தண்ணன் மனைவியின் குரல் என்றார். அதே கம்பெனியில் ஓரம் தைக்கும் ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்தவர். நான் சேர்வதற்கு முன்பே காய்ச்சலில் போய்விட்டார். வாரம் தவறாமல் இருவரும் படத்துக்குப் போய், வீடு வரும்வரை வண்டியிலேயே சண்டை போடுவார்களாம்.

"அந்தக் குரல் வேற யாருக்கும் வராதுங்க தம்பி. வரவுங் கூடாதுங்க," என்றார் அந்த அக்கா.

போன மாதம் சங்கீத மேதை ஒருவரின் வாழ்க்கைப் படம் வந்தது. கீர்த்தனைகளாக எழுதிக் குவித்த மகான். கருத்தண்ணன் என்னையும் கூப்பிட்டார். நாங்கள் இரண்டு பேர். அவர் எடுத்தது மூன்று டிக்கெட். எங்களுக்கு நடுவே ஒரு சீட்டை விட்டுவிட்டு உட்கார்ந்தார். காலை நீட்டிக்கொள்ள வசதி என்று நானும் பேசாமல் இருந்தேன்.

அந்தத் தியேட்டரில் ஆள் எழுந்தால் சீட் தானாக மடங்கிக்கொள்ளும். நடுச் சீட் மடங்காமல் விரிந்தே இருந்தது. ஸ்பிரிங் போயிருக்கும் என்று கையால் தூக்கி மடக்கினேன். மடங்கி நின்றது. அடுத்த கீர்த்தனை முடிந்து திரும்பிப் பார்த்தால், மறுபடியும் விரிந்திருந்தது. அப்புறம் நான் அதைத் தொடவில்லை.

திரையில் மேதையின் குழந்தைக்குக் காய்ச்சல். அரிசியில்லாத வீட்டில் அவர் மனைவி அடுப்பில் வெறும் தண்ணீரைக் கொதிக்கவிட்டு உட்கார்ந்திருந்தாள். மேதை ஓலையும் கையுமாகக் கடைசி வரிக்குச் சொல் தேடிக்கொண்டிருந்தார். என் காதருகே "ப்ச்" என்று ஒரு சத்தம். கருத்தண்ணனைப் பார்த்தேன். அவர் வாய் நிறைய முறுக்கு.

படம் முடிந்ததும் வண்டி எடுக்கும் சாக்கில் முதல் ஆளாக வெளியே ஓடினேன். வாசலில் மைக்கோடு நின்ற யூடியூப் பெண், வருகிறவர்களை மடக்கிக் கருத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

புதன்கிழமை சாப்பாட்டு நேரத்தில் அந்த வீடியோவைப் போனில் பார்த்தேன். முதலில் பொங்கலூர் விவசாயி ஒருவர். பாட்டெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் ஒரு பாட்டு முடிவதற்குள் தோட்டத்துக்குப் போய் மோட்டாரை நிறுத்திவிட்டு வந்துவிடலாம் என்றார். அடுத்து பீகார்க்காரர் ஒருவர். பாஷை புரியவில்லை, ஏசி நன்றாக இருந்தது, கடைசிப் பாட்டில் மட்டும் ஏனோ ஊர் ஞாபகம் வந்துவிட்டது என்று இந்தியில் சொன்னார். பிறகு கருத்தண்ணன் வந்தார். மகானுங்க, தெய்வப் பிறவிங்க என்று புகழ்ந்து முடித்து வாயை மூடிக்கொண்டார்.

மூடிய வாய் மூடியபடியே இருக்க, அந்தக் குரல் கேட்டது.

"அத்தனை பாட்டு எழுதுனாரு, சரி. அடுப்புல வெறுந் தண்ணிய வெச்சுக் கொதிக்க உட்டுட்டு உக்காந்திருந்தாளே, அவளுக்கு ஒரு வரி எழுதுனாராமா?"

கீழே கமெண்டில் ஒருவர், அண்ணன் பக்கத்தில் நிற்கிற பச்சைச் சேலை அக்கா சொன்னதுதான் சரி என்று எழுதியிருந்தார். அக்கா முகம் ஏன் தெளிவாக விழவில்லை என்று இன்னொருவர் கேட்டிருந்தார். மூன்று தடவை திரும்பப் பார்த்தேன். என் போனில் கருத்தண்ணன் தனியாகத்தான் நின்றார். டிபன் பாக்ஸை மூடிவிட்டேன்.

அவரிடமே கொண்டுபோய்க் காட்டினேன். போனைக் காதோடு ஒட்டி வைத்துக் கேட்டார். மறுபடியும் கேட்டார்.

"எனக்கு ஒண்ணுங் கேக்கலீங்க தம்பி. எப்பவுமே கேட்டதில்லீங்க. திங்கக்கெழம நீங்கெல்லாம் சிரிப்பீங்கல்ல, அதப் பாத்துத்தான் அவ என்னமோ சொல்லியிருக்கான்னு தெரிஞ்சுக்குவனுங்க." போனைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே கேட்டார்: "என்னங்க சொன்னா?"

இத்தனை நாளும் அவர் எங்கள் முகத்தில் எதைத் தேடினார் என்பது அப்போதுதான் புரிந்தது. சொன்னேன், ஒரு சொல் விடாமல். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"அது அந்த மகானுக்குச் சொன்னதில்லீங்க," என்றார்.

அதற்குப் பிறகு அந்தக் குரல் வரவே இல்லை. அவருக்கு அது தெரியாது; எங்கள் சிரிப்பைப் பார்க்கத் திங்கட்கிழமைவரை அவர் இப்போது காத்திருப்பதில்லை. ஒவ்வொரு ஞாயிறும் நானும் கூடப் போகிறேன், திரும்பும் வழியில் வண்டியை ஓரம் கட்டி, "என்னங்க சொன்னா?" என்பார். வாய்க்கு வந்ததைச் சொன்னால் கண்டுபிடித்துவிடுவார். அதனால் நான் படத்தை இமை கொட்டாமல் பார்த்து, அந்த அம்மாளுக்கு எது பிடிக்காமல் போயிருக்கும் என்று யோசித்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன்.