ரோஸ் போகவில்லை

குடுவையில் ரோஸ் நிறம் போகவே இல்லை.

பியூரெட் குழாயிலிருந்து அமிலம் பாதிக்கு மேல் இறங்கியாயிற்று. குடுவையிலிருக்கும் காரத்தின் நிறம் இந்நேரம் மறைந்திருக்க வேண்டும். அவள் குழாயை இன்னும் கொஞ்சம் திறந்தாள். கல்யாணம் என்று பாதியில் பிடுங்கிக்கொண்ட படிப்பு. ஏழு வருடம் துணி ஆலையில் பொத்தான் தைத்துவிட்டு வந்திருக்கிறாள். இந்தச் செய்முறைத் தேர்வில் தேறினால் பட்டம். அதே ஆலையின் சாயச் சோதனைக்கூடத்தில் வேலை. தவறினால் மறுபடியும் பொத்தான். "இந்த வயசுல உனக்கு எதுக்குடி கெமிஸ்ட்ரி?" என்ற மாமியார் சிரிக்கத் தயாராக வாசலில் நிற்பாள்.

நிறங்காட்டி போதவில்லையோ? இன்னும் நாலு சொட்டு விட்டாள். ரோஸ் இன்னும் அடர்ந்தது. பதறிப்போய், பாட்டிலிலிருந்து அமிலத்தை மறுபடி குழாயில் நிரப்பித் திறந்துவிட்டாள். குடுவை கழுத்துவரை ரொம்பியது.

"அக்கா, ரோஸ் போக உங்களுக்கு எவ்ளோ மில்லி வந்துச்சு?" என்றான் பக்கத்து மேஜைக் கண்ணாடிக்காரன்.

தெரியாது என்று சொல்ல நாக்கு எழவில்லை. "பதினாலு புள்ளி ரெண்டு."

"அப்பாடா! எனக்கும் அதேதாங்க்கா!"

அவன் எட்டிப் பார்ப்பதற்குள் குடுவையைத் தொட்டியில் கவிழ்த்தாள். இப்போது காட்டக்கூட ஒன்றுமில்லை. முதுகுக்குப் பின்னால், "பதினாலு புள்ளி ரெண்டாம்", "அக்காவே சொன்னாங்கடா" என்று கிசுகிசுப்பு கடைசி மேஜைவரை ஓடியது. அட பாவிகளா, ஒருத்தராவது மாற்றி எழுதித் தொலையுங்களேன்!

தேர்வு நடத்த வெளியிலிருந்து வந்த பேராசிரியர் தாள்களைப் புரட்டினார். முகம் கறுத்தது.

"யாரைப் பார்த்து யாரு எழுதினது? சொல்லலேன்னா மொத்த பேட்ச்சும் காலி!"

எல்லோர் கண்ணும் அவள்மேல். அவள் ஓரடி முன்னால் வந்தாள்.

"சார்... எல்லா பாட்டில்லயும் ஒரே அமிலம். சரியா செஞ்சா ஒரே அளவுதானே சார் வரும்?"

"நீங்க செஞ்சு பார்த்தீங்களா சார்?" என்றான் கண்ணாடிக்காரன்.

பேராசிரியர் நிமிர்ந்தார். "என்னையே கேக்கறியா? நீங்க வர்றதுக்கு முன்னாடி, இதோ இதே பாட்டில்ல செஞ்சு பார்த்துட்டேன். எனக்கும் பதினாலு புள்ளி ரெண்டுதான்!"

மளமளவென்று கையெழுத்து விழுந்தது. எல்லோரும் பாஸ். அவளுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

கதவைத் தள்ளிக்கொண்டு ஆய்வக உதவியாளர் ஒரு கேனுடன் மூச்சிரைக்க வந்தார்.

"லேட்டாயிடுச்சு, மன்னிச்சுக்கோங்க சார். அமிலம் இப்பதான் கிடைச்சுது. பாட்டில்ல எல்லாம் கழுவறதுக்கு நான் ஊத்தி வெச்ச வெறும் தண்ணிதான் இருக்கு. கொட்டிட்டு இதை ஊத்திடறேன், பரீட்சைய ஆரம்பிச்சுடலாம்."