எங்கள் வீட்டுப் பிளாக் ஷெட்யூல்

அன்னவாசல்,
மாசி மாதம், செவ்வாய்க்கிழமை.

பெருமதிப்பிற்குரிய மாமா அவர்களின் சமூகத்துக்கு மருமகன் அய்யப்பன் பணிவுடன் எழுதிக்கொள்வது.

இங்கே நாங்கள் மூவரும் சுகம். கை பழக்கத்தில் ‘நால்வரும்’ என்று எழுதப்போய் அடித்துத் திருத்தியிருக்கிறேன். மை இழுகியிருப்பதைப் பொறுத்துக்கொள்ளவும். அங்கே தாங்களும் அத்தையும் உடம்புக்கு நன்றாக இருக்கிறீர்களா? கந்தர்வக்கோட்டையில் முந்திரிப் பூவைப் பனி கருக்காமல் விட்டதா?

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் நீங்கள் “ம்… அப்பறம்” என்பீர்கள். நான் “அப்பறம் மாமா” என்பேன். அதற்குமேல் இருவரும் மாறி மாறித் தொண்டையைக் கனைத்துக்கொண்டிருப்போம். கடைசியில் “டவரு சரியில்ல மாப்ள” என்று வைத்துவிடுவீர்கள். டவரே உங்கள் மொட்டை மாடிக்கு எதிரேதான் நிற்கிறது மாமா. அதனால்தான் எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை கார் எடுத்து வந்து இனியாவையும் அரவிந்தையும் கூட்டிப்போய் உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப்போவதாகவும், நான் குவைத்துக்கே திரும்பிவிடலாம் என்றும் அத்தை சொல்லியனுப்பினார்கள். தயவுசெய்து வர வேண்டாம். கம்பெனிக்கு இனி வர இயலாது என்று நான் எழுதிப் போட்டுவிட்டேன். பிள்ளைகளின் படிப்பும் கெட்டுப்போகவில்லை, வீட்டிலேயே முறைப்படி நடக்கிறது. எப்படி நடக்கிறதென்று தெரிந்தால் தாங்களே பாராட்டுவீர்கள்.

கார்த்திகையில் காய்ச்சல் என்று படுத்த திலகவதி, நான் விமானம் ஏறி வந்து இறங்குவதற்குள் போய்விட்டாள் என்பதைப் பெற்ற தகப்பனுக்கு நான் எழுதவேண்டியதில்லை. பொங்கல் லீவு முடிந்து பள்ளி திறந்த அன்று இரண்டு பேரையும் வண்டியில் கொண்டுபோய் விட்டேன். கேட்டைத் தாண்டிப் போன இனியா உடனே தம்பியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு திரும்பி வந்தாள். “வயிறு வலிக்குதுப்பா” என்றாள். அவனும் “எனக்கும் அதே வயிறு வலிக்குது” என்றான். நாலாவது படிக்கிற பிள்ளைக்கும் ஒன்றாவது படிக்கிற பிள்ளைக்கும் ஒரே வயிறு எப்படி வலிக்கும்? தாய் இல்லாத பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் ஒரு மாதிரி பார்ப்பார்கள், அது தாங்கவில்லை போலும் என்று நானே புரிந்துகொண்டு, சரி, பள்ளிக்கூடத்தை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவோம் என்று முடிவெடுத்தேன்.

யூடியூபில் ஒரு வெள்ளைக்கார அம்மாள் பிளாக் ஷெட்யூல் என்று ஒரு முறை சொன்னார். முக்கால் மணிக்கொரு தரம் மணியடித்துப் பாடம் மாற்றுவதெல்லாம் கூடாதாம். கணக்கென்றால் காலை முழுக்கக் கணக்கு, தமிழென்றால் மத்தியானம் முழுக்கத் தமிழ். பிள்ளை அதிலேயே ஆழமாக இறங்கிவிடுமாம். அவருக்குப் பின்னால் ஐந்து பிள்ளைகள் மூச்சுக் காட்டாமல் எழுதிக்கொண்டிருந்தார்கள். அங்கேயே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். ஆனால் குவைத்தில் கட்டட வேலைக்காரர்களுக்கு ஷிப்டு போடுவதுதானே என் உத்தியோகம்? நாலு தேசத்து ஆட்களை நாலு பாஷையில் ஏச்சு வாங்கிக்கொண்டு வரிசைப்படுத்தியவனுக்கு இரண்டு பிள்ளைகள் எம்மாத்திரம் என்று, சார்ட் அட்டையில் கட்டம் போட்டுக் கணக்குக்குச் சிவப்பு, தமிழுக்குப் பச்சை, சூழ்நிலையியலுக்கு நீலம் என்று வர்ணம் அடித்து ஹாலில் ஒட்டினேன். பக்கத்து வீட்டு அமராவதி அக்கா எட்டிப் பார்த்து, “என்ன தம்பி இது?” என்றார்கள். பிளாக் ஷெட்யூல் என்றேன். “பிளாக்குலேர்ந்து தாறாகளா? பி.டி.ஓ. ஆபீசுல எழுதிக் குடுக்கணுமோ? எம் பேரனுக்கும் ஒண்ணு எழுதி வைங்க, வாரப்ப வரட்டும்” என்று ஆதார் கார்டு நகலைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

முதல் நாள் சிவப்புக் கட்டம் ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் அரவிந்த் எழுந்து நின்றான். “அப்பா, செவப்புல ஒண்ணுக்குப் போகலாமா, பச்ச வாரவரைக்கும் அடக்கணுமா?” என்றான். எந்தக் கட்டத்திலும் போகலாம் என்றதும் எல்லாக் கட்டத்திலும் போக ஆரம்பித்துவிட்டான். கணக்கை வாழ்க்கையோடு சேர்த்துச் சொல்லித்தர வேண்டும் என்று அந்த வெள்ளைக்கார அம்மாள் சொன்னதால் மறுநாள் வகுப்பை அடுப்படிக்கு மாற்றினேன். ஆளுக்கு எவ்வளவு அரிசி, மூன்று பேருக்கு எவ்வளவு என்று பெருக்கச் சொன்னேன். இனியா பெருக்கவே இல்லை. “அம்மா இந்த டம்ளர்லதான்ப்பா போடுவாங்க” என்று அளந்து போட்டுவிட்டாள். நான் குவைத்தில் இருந்தபோதும் இந்த வீட்டில் மூன்று பேர், இப்போதும் மூன்று பேர். அளவு மாறவில்லை மாமா. சோறு மட்டும் தினமும் மிஞ்சுகிறது. இந்தக் கணக்கை எந்தக் கட்டத்தில் போடுவது என்று தெரியாமல் அன்றைக்கு வகுப்பைச் சீக்கிரமே முடித்துவிட்டேன்.

பச்சைக் கட்டத்தில் இன்னும் பெரிய சங்கடம். இனியாவின் பாடத்தில் முக்காலம் வந்தது. இறந்தகாலம், நிகழ்காலம், எதிர்காலம் என்று கரும்பலகையில் எழுதி, வந்தான், வருகிறான், வருவான் என்று ஜோராக நடத்திக்கொண்டிருக்கிறேன். ஓரமாக யானை வரைந்துகொண்டிருந்த அரவிந்த் தலையைத் தூக்கி, “அம்மா எறந்தகாலமாப்பா?” என்றான். நான் சாக்பீஸைத் தேடினேன். சாக்பீஸ் என் கையில்தான் இருந்தது. இனியாதான் அவனைக் கிட்டே இழுத்து, “அது வினைச்சொல்லுக்கு மட்டுந்தான்டா. அம்மாவுக்கெல்லாம் காலம் கெடையாது” என்றாள். இலக்கணப்படி அது சரியா என்று தெரியவில்லை. நானும் திருத்தவில்லை.

வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடப்பதால்தான் இப்படியெல்லாம் பேச்சு வருகிறது என்று நீலக் கட்டத்தைச் சித்தன்னவாசல் மலையடிக்கு மாற்றினேன். பாறை, செடி, பறவை எல்லாம் நேரில் காட்டலாம் என்பது திட்டம். அங்கே வெள்ளரிப் பிஞ்சு விற்கிற இருளாயி என்ற அம்மாள், “பள்ளிக்கூடத்து நாளுல புள்ளைகள ஏன்யா இங்கிட்டுக் கூட்டிட்டுத் திரியிற?” என்று பிடித்துக்கொண்டார். நான் கொஞ்சம் பெருமையாகவே, “இது ஹோம் ஸ்கூலும்மா” என்றேன். அந்த அம்மாளின் முகம் அப்படியே வாடிவிட்டது. “எந்த ஹோமுய்யா? ஐயோ, தாய் தகப்பன் இல்லாத புள்ளைகளா?” என்று சொல்லிக்கொண்டே, வேண்டாம் வேண்டாம் என்றாலும் கேட்காமல் பிள்ளைகள் இருவர் கையிலும் பிஞ்சைத் திணித்தார். இனியா நிமிர்ந்து நின்று, “அப்பா இருக்காங்க. இவங்கதான்” என்று என்னைக் காட்டினாள். வீட்டுக்கு வந்ததும் அரவிந்த், வெள்ளரிக்காய் தாவரமா என்று கேட்டான். ஆக நீலக் கட்டம் அடியோடு வீண் என்றும் சொல்ல முடியாது.

இவற்றையெல்லாம் வைத்து நான் தடுமாறுவதாக நினைத்துவிட வேண்டாம். ஆரம்பத்தில் எந்தத் திட்டமும் இப்படித்தான். கட்டங்களைக் கொஞ்சம் மாற்றிப் போட்டிருக்கிறேன். பிள்ளைகள் சந்தோசமாக இருக்கிறார்கள். என்னை விட்டு ஒரு நிமிசம் நகர மாட்டேன் என்கிறார்கள். நான் கொல்லைக்குப் போனால்கூட ஆளுக்கொரு நோட்டோடு பின்னாலேயே வந்து நிற்கிறார்கள். இந்தப் பிள்ளைகளை எப்படி மாமா அனுப்புவது? ஆகவே மறுபடியும் கேட்டுக்கொள்கிறேன், வெள்ளிக்கிழமை வர வேண்டாம்.

அத்தையை வேளைக்கு மாத்திரை போடச் சொல்லவும். தாங்களும் வெயிலில் தோப்பில் நிற்க வேண்டாம். உங்கள் குலசாமி உங்கள் இருவரையும் காக்கட்டும். எங்களையும் ஒரு கண் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் மருமகன்
அய்யப்பன்

பின்குறிப்பு: புதன்கிழமை காலை எழுதுவது. நேற்று கடிதத்தை ஒட்டி வைத்த பிறகு, சாயங்காலம் இனியாவின் வகுப்பு டீச்சர் பிளெஸ்ஸி வீட்டுக்கு வந்தார். சார்ட்டைப் பார்த்து, “கலரெல்லாம் நல்லாருக்கு சார்” என்றார். நான் டீ போடப் போனேன். அடுப்படியில் நின்றால் ஹாலில் பேசுவது கேட்கும் என்பது பிள்ளைக்குத் தெரியாது.

“வயிறெல்லாம் வலிக்கல டீச்சர்” என்றாள் இனியா. “அன்னைக்கிக் கேட்டுக்குள்ள போயிட்டுத் திரும்பிப் பாத்தேன். அப்பா வண்டிய எடுக்காம ரோட்டுலயே நின்னு அழுதுகிட்டு இருந்தாங்க. நாங்க ரெண்டு பேரும் வந்துட்டா அப்பா வீட்டுல யாருகூட இருப்பாங்க? அதான் தம்பியவும் வயிறு வலிக்குதுன்னு சொல்லச் சொன்னேன்.”

அரவிந்தும் சேர்ந்துகொண்டான்: “அப்பா இப்பக் கொஞ்சம் பரவால்ல டீச்சர். நல்லா நடத்துறாங்க.”

டீ பொங்கி அடுப்பு அணைந்துவிட்டது. அதைக்கூடச் சற்று நேரம் கழித்துத்தான் பார்த்தேன்.

இன்று காலை இருவருக்கும் யூனிபார்ம் போட்டு, பள்ளிக்கூடக் கேட்டில் இறக்கிவிட்டு, “அப்பாவுக்கு நல்லாயிருச்சு, போயிட்டு வாங்க” என்றேன். இனியா என் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு, “மத்தியானம் சாப்பிடுங்கப்பா” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அவள் திரும்பிப் பார்ப்பதற்குள் வண்டியைக் கிளப்பிவிட்டேன்.

வீட்டு வாசலுக்கு வந்து வெகுநேரம் ஆகிறது. சாவி கையில்தான் இருக்கிறது. ஒட்டிய கடிதத்தைப் பிரித்து வண்டி சீட்டில் வைத்து, நின்றபடியே இதை எழுதுகிறேன். மேலே எழுதியதை எல்லாம் விட்டுருங்க மாமா. வெள்ளிக்கிழமை வாங்க. அத்தையையும் கூட்டிட்டு வாங்க. புள்ளைகளக் கூட்டிட்டுப் போறதுக்கு இல்ல, அதுக பள்ளிக்கூடம் விட்டுத்தான் வரும். அதுவரைக்கும் வீட்டுக்குள்ள யாராச்சும் இருந்தீங்கன்னா, நானும் உள்ள போயிருவேன்.