இட்லிக் கொப்பரையில் வெந்த பேரிங்

“திறந்தது: மார்ச், இரண்டாம் சனி, காலை. நோக்கம்: பேரிங் பரிசோதனை. பொறுப்பு: நான்.”

எங்கள் ஹப்சிகுடா வீட்டுப் பரணில் இருக்கும் ஒரு கிரீஸ் டப்பாவின் மூடியில் இப்படி எழுதியிருக்கிறது. எழுத்து என்னுடையது. கடைசி வரியை மட்டும் யாரோ பிற்பாடு சிவப்பு மையில் அடிக்கோடிட்டிருக்கிறார்கள். யாரென்று விசாரிக்கும் நிலையில் நான் இல்லை.

எதையும் தேதி போட்டு வைப்பது என் சுபாவம். குண்டு பல்பு மாட்டினால் அதன் கழுத்தில் தேதி, ஊறுகாய் போட்டால் ஜாடியில் தேதி. கேஸ் சிலிண்டருக்கும் உண்டு. தார்நாகாவில் ஓர் ஆய்வுக்கூடத்தின் ஆவணப் பிரிவில் வேலை பார்த்தவனுக்கு இது இயல்புதான். என் பணி, விஞ்ஞானிகள் எழுதியதை அடுக்கி எண்ணிட்டு வைப்பது. ஆனால் சொந்தக்காரர்களுக்கு அந்தக் கட்டடத்துக்குள் போகிறவர்கள் எல்லாரும் விஞ்ஞானிகள். (நான் மறுத்ததில்லை. மறுக்க நேரம் அமையவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.)

அந்த மரியாதையை முழுசாக நம்பியவன் என் மச்சினன் முத்து. மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவன். வீட்டில் பேசுவது திருநெல்வேலித் தமிழ், இடையிடையே தெருவில் பொறுக்கிய தக்கனி உருது. இன்சூரன்ஸ் வேலையை விட்டுவிட்டு, கோவாவிலிருந்து ஒரு பழைய ஜெட் படகை வாங்கி வந்திருந்தான். நகரத்துக்கு வெளியே உள்ள ஒரு ஏரியில் கோடை விடுமுறை முழுக்கச் சவாரி விடுவது திட்டம். ஞாயிற்றுக்கிழமை அதிகாரி வந்து படகில் ஏறிப் பார்ப்பார். அவர் தலையசைத்தால் அனுமதி, இல்லாவிட்டால் அந்தக் கோடை போயிற்று. முத்துவுக்குத் திரும்பிப் போக வேலையும் இல்லை.

ஜெட் படகுக்கு வெளியே சுழலும் விசிறி கிடையாது. வயிற்றில் ஒரு பம்ப். அது அடியிலிருந்து தண்ணீரை உறிஞ்சிப் பின்பக்கம் பீய்ச்சும், படகு முன்னால் பாயும். அப்படிப் பாயும்போது வரும் தள்ளுவிசை மொத்தத்தையும் பம்பின் தண்டில் மாட்டிய ஒரு பேரிங் தாங்கிக்கொள்கிறது. படகை விற்றவர் போனில் சொன்னது ஒன்றுதான்: “சீசனுக்கு முன்னால் பேரிங்கைத் திறந்து பாருங்கள், பழைய கிரீஸை வழித்துவிட்டுப் புதுசு வையுங்கள், மூடிவிடுங்கள்.”

மெக்கானிக் திங்கட்கிழமைதான் வருவேன் என்றுவிட்டார். முத்து கையைப் பிசைந்தான்.

“கிரைண்டர் பேரிங்கை நான் எத்தனை தடவை பார்த்திருக்கேன்! கொண்டு வா முத்து” என்றேன். உண்மைதான். ஹப்சிகுடாவிலிருந்து தார்நாகா வரை தமிழ் வீடுகளில் மாவாட்டும் கிரைண்டர் இரைச்சல் போட்டால் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

“அத்தான், கிரைண்டர் ஒரே இடத்துல நின்னு சுத்தும். இது ஓடும்லா?”

“பேரிங் பேரிங்தான்.”

என் வாழ்க்கையில் நான் சொன்ன மிகச் சுருக்கமான முட்டாள்தனம் அது.

சனிக்கிழமை காலை, பம்பின் தண்டும் பேரிங் கூடும் எங்கள் சமையலறை மேடைக்கு வந்துசேர்ந்தன. என் மனைவி செண்பகம் அவற்றைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள், ரவை சலித்துக்கொண்டிருந்த சல்லடையை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போய்விட்டாள்.

நான் முறைப்படி தொடங்கினேன். பழைய கிரீஸ் பால் கலந்ததுபோல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது என்று அர்த்தம். வெளுக்கவில்லை. நல்ல தேன் நிறம். குண்டுகளில் குழி இல்லை, துரு இல்லை. பேரிங்கைக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, மேடையில் கிடந்த துணியால் துடைத்து, விரலில் மாட்டிச் சுற்றினேன்.

நறநறவென்றது.

“கேட்டியா?” என்றேன்.

“கேட்டுச்சு அத்தான். போச்சா?” முத்துவின் முகம் வெளிறிவிட்டது.

“போச்சு” என்றேன், எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்த டாக்டரின் குரலில்.

உதிரிபாகக் கடைகள் நிறைந்த ராணிகஞ்சுக்கு ஓடினோம். அதே எண்ணில் புதுப் பேரிங் கிடைத்தது. வீட்டுக்கு வந்தால் தண்டில் ஏற மறுத்தது. முத்து சுத்தியலை எடுத்தான்.

“வை கீழே! பேரிங்கைச் சூடாக்கினால் விரியும், தானாக ஏறும். ஆனால் நெருப்பில் காட்டக் கூடாது. நூறு டிகிரியைத் தாண்டவே தாண்டாத சூடு வேண்டும்.” சமையலறையைச் சுற்றிப் பார்த்தேன். நூறு டிகிரியைத் தாண்டாத ஒரு பொருள் அடுப்புக்கு மேலேயே உட்கார்ந்திருந்தது.

“நக்கோ அத்தான், வேண்டாம்! அக்கா கொன்னுருவா.”

பாலிதீன் உறைக்குள் பேரிங்கை இறுகக் கட்டி, இட்லித் தட்டின் நடுக்குழியில் வைத்துக் கொப்பரையை மூடினேன். ஆவி வந்தது. மணம் தெரிந்து செண்பகம் வந்தாள். மூடியைத் திறந்தாள்.

“ஏங்க, இதுக்குச் சட்னியா, சாம்பாரா?”

நான் உறையைப் பிரித்து, பேரிங்கைத் துணியால் பிடித்து எடுத்துத் தண்டில் வைத்தேன். வெண்ணெயில் கத்தி மாதிரி இறங்கியது. முத்து கைதட்டியேவிட்டான். அந்த வகைப் பேரிங்குக்கு இரண்டு பக்கமும் ஒன்றல்ல. ஒரு பக்கம் அகல விளிம்பு, மறுபக்கம் மெல்லிய விளிம்பு. அகல விளிம்பில் எண் பொறித்திருந்தது. அடுத்த சீசனில் திறக்கும்போது எண் உடனே கண்ணில் பட வேண்டும், இல்லையா? எனவே எண் தெரியும் பக்கத்தை வெளியே பார்க்க மாட்டினேன். ஆவணப் பிரிவில் கோப்பின் முதுகு எப்போதும் வெளியேதான் இருக்கும். ஆறிய பிறகு கிரீஸ் அடைத்தோம், மூடினோம், கிரீஸ் டப்பாவின் மூடியில் நான் எழுதினேன். பொறுப்பு: நான்.

ஞாயிறு காலை ஏரிக்கரையில் அதிகாரி வந்தார். வெள்ளைச் சட்டை, கறுப்புக் கண்ணாடி, அதிகம் பேசாதவர். முத்து என்னை அறிமுகப்படுத்தினான்: “எங்க அத்தான் சார். சைன்டிஸ்ட். பம்ப் மொத்தமும் இவரே செக் பண்ணினாரு.”

அவர் என் கையைக் குலுக்கினார். நான் அடக்கமாகச் சிரித்தேன். (அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொள்ளத் தோன்றுகிறது.)

மெதுவாகப் போனவரை படகு பட்டுப்போல நழுவியது. அதிகாரி லேசாகத் தலையசைத்தார். “ஃபுல் ஸ்பீட் காட்டட்டுமா சார்?” என்று முத்து கேட்டான். காட்டினான்.

படகு ஒரு பாய்ச்சல் பாய்ந்தது. பிறகு அடிவயிற்றிலிருந்து, கொட்டாங்கச்சியை மிக்ஸியில் போட்டு அரைத்தது போன்ற சத்தம். புகை. அமைதி. ஆகாயத்தாமரைக் கூட்டத்துக்குள் மெல்லச் சொருகி நின்றோம்.

“ஏமண்டி, இதி படவா, மிக்ஸியா?” என்று அதிகாரி தெலுங்கில் கேட்டார், இது படகா என்று.

“மிக்ஸி இல்ல சார்” என்றான் முத்து, என்னைப் பார்த்து. “கிரைண்டர்.”

கரையிலிருந்து எங்களை மீட்க வந்தது ஓர் அன்னப்பறவை. குழந்தைகள் காலால் மிதித்து ஓட்டும் படகு. அதை ஓட்டி வந்தவர் பின்னால் உட்கார்ந்து கயிற்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதால், மிதிக்க இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். முத்து ஜெட் படகை விட்டு இறங்க மறுத்தான். மிச்சம் நானும் அதிகாரியும்தான். பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, முழங்கால் தாடையில் இடிக்க, ஏரி முழுக்க மிதித்தோம். வழி நெடுக அவர் கேட்டது ஒரே கேள்வி.

“மீரு ஏ சைன்டிஸ்ட் அண்டி?”

என்ன விஞ்ஞானி என்று கேட்கிறார். நான் இன்னும் வேகமாக மிதித்தேன்.

சாயங்காலம் பம்பைத் திறந்தோம். பேரிங் இரண்டாகப் பிரிந்து, குண்டுகள் கிரீஸில் சிதறிக் கிடந்தன. தண்டு முன்னால் நகர்ந்து, பம்பின் விசிறி சுற்றுவளையத்தைத் தின்றிருந்தது.

“அத்தான், எழுத்து எந்தப் பக்கம் இருந்துச்சு?”

“நம்ம பக்கம்தான். வாசிக்க வசதியாக.”

முத்து படகோடு வந்த கையேட்டைப் புரட்டினான். பிறகு அதில் ஒரு படத்தைக் காட்டினான். “இதுல அகல விளிம்பு அந்தப் பக்கம்லா இருக்கு. ஒரு பக்கத்துத் தள்ளுவிசையைத்தான் இது தாங்குமாம். நீங்க வாசிக்கிறதுக்கு மாட்டியிருக்கீங்க.”

அவன் கத்தியிருக்கலாம். கத்தவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

அந்தக் கோடையில் ஜெட் படகுக்கு அனுமதி கிடைக்கவில்லை. ஆனால் அதிகாரி, தானே மிதித்துப் பார்த்த வகையில், அன்னப்பறவைகளைப் பற்றி நல்ல அபிப்பிராயம் கொண்டிருந்தார். அவற்றுக்கு உடனே கையெழுத்துப் போட்டார். முத்து அந்தக் கோடையை வாடகை அன்னங்களை வைத்து ஓட்டினான். இப்போது சொந்தமாகவே வைத்திருக்கிறான். ஜெட் படகும் சரியான ஆள் கைபட்டு அடுத்த வருஷம் ஓடியது. வேகமாகத்தான் ஓடுகிறது. கூட்டம் என்னவோ அன்னத்துக்குத்தான்.

எங்கள் வீட்டில் இட்லி வேகும்போது முத்து இருந்தால், “அத்தான், உங்களுக்கு எத்தனை பேரிங்?” என்பான். என் மகளும் சேர்ந்து சிரிப்பாள். அன்று நான் செய்த காரியங்களில் முறையானது என்று சொல்லத்தக்கது கொப்பரையில் சூடாக்கியது ஒன்றுதான் என்று இவர்களுக்குப் புரியவைக்க முடியவில்லை.

இன்னொரு விஷயம் பாக்கி. நான் தள்ளுபடி செய்த பழைய பேரிங்கைச் செண்பகம் பாத்திரத்தோடு பாத்திரமாகக் கழுவி, காய்ந்ததும் என் மேஜைக்குக் கொண்டுவந்தாள். விரலில் மாட்டிச் சுற்றினாள். சத்தமே இல்லை.

“அன்னைக்கு இதை எந்தத் துணியில தொடச்சீங்க?”

“மேடையில் கிடந்த துணி.”

“அது நான் சலிச்ச ரவையைக் கொட்டி வச்ச துணி.”

அந்தப் பேரிங்கைத் தாள் பறக்காமலிருக்கக் கனமாக வைத்திருக்கிறேன். நறநறவென்றது ரவையா, உண்மையிலேயே தேய்மானமா? ஒரு சிட்டிகை ரவையைப் போட்டுச் சுற்றினால் தெரிந்துவிடும் என்று செண்பகம் இரண்டு முறை டப்பாவோடு வந்தாள். நான் அனுமதிக்கவில்லை. ஆகவே இந்தத் தகவல் இன்றுவரை உறுதி செய்யப்படாதது.